கனடாவின் எலிவேட்டர் விதிகளில் ‘அயல்நாட்டுத் தானியம்’: கலப்பிலிருந்து எல்லைக்கு (1900–2020)

ஆய்வுச் சுருக்கம்

கனடாவில் உரிமம் பெற்ற தானிய எலிவேட்டர்கள், அந்நாட்டுக்கு வெளியே விளைந்த தானியத்தை அனுமதியின்றி ஏற்கக் கூடாது என்னும் விதி 2005 வரை சட்டத்தில் இருந்தது. உலக வணிக அமைப்பின் நடுவர் குழு 2004-ஆம் ஆண்டு இவ்விதியைப் பாகுபாடு எனத் தீர்த்தது. இதனை வணிகக் காப்புக்கான தடையாகவே பலரும் படிக்கின்றனர். எலிவேட்டருக்குள் நிகழ்ந்த கலப்புக்கு எதிராகப் புல்வெளி மாகாண உழவர்கள் எழுப்பிய குரலில்தான் இவ்விதியின் வேர் இருக்கிறது என்பதையும், ‘எந்த நாடு’ என்ற கேள்வி ‘எந்த ரகம்’ என்ற கேள்விக்கு மாற்றாக நின்றது என்பதையும் சட்ட வாசகம், தர முறையின் வரலாறு, நடுவர் குழுவின் அறிக்கை ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தானிய எலிவேட்டர், கனடா தானியச் சட்டம், தரச்சான்று, கலப்பு, அயல்நாட்டுத் தானியம், உலக வணிக அமைப்பு.

முன்னுரை

கனடா தானியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, எலிவேட்டரை நடத்தும் உரிமதாரர் எவற்றை உள்ளே ஏற்கக் கூடாது என்பதைப் பட்டியலிடுகிறது. தானியமல்லாத பொருள், பூச்சி பிடித்ததாகவோ மாசுபட்டதாகவோ ஐயுறத்தக்க தானியம், எடையிடப்படாத தானியம் ஆகியன அப்பட்டியலில் உள்ளவை. 2005 வரை அவற்றோடு (சி) உட்பிரிவாக அயல்நாட்டுத் தானியமும் இடம்பெற்றிருந்தது. ஒழுங்குவிதியோ தானிய ஆணையத்தின் ஆணையோ இசைவளித்தால் மட்டுமே அதனை ஏற்கலாம். கனடாவுக்கு வெளியே விளைந்த எந்தத் தானியமும், அதன் சலிப்புக் கழிவும், அதிலிருந்து ஆக்கப்பட்ட பொருளும் இச்சொல்லுள் அடங்கும்.

பூச்சி பிடித்த தானியத்துக்குப் பக்கத்தில் அண்டை நாட்டின் நல்ல தானியத்தை நிறுத்தியது ஏன்? வடக்கு டகோட்டாவில் விளைந்த சிவப்பு வசந்தகாலக் கோதுமைக்கும், சில கல் தொலைவில் மனிடோபாவில் விளைந்த அதே வகைக் கோதுமைக்கும் மண்ணிலோ பருவத்திலோ பெரிய வேறுபாடில்லை. இக்கேள்விக்கு விடை காண, எலிவேட்டர் தானியத்தை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாக்கும் எலிவேட்டரும்

எலிவேட்டர் என்றதும் நமக்கு மின்தூக்கியே நினைவுக்கு வரும். தானிய வணிகத்தில் அது ஒரு கட்டடம். சுழலும் பட்டையில் கோத்த வாளிகள் தானியத்தை மேலே அள்ளிச் செல்லும். அங்கிருந்து அது உயரமான அறைகளுக்குள் தன் எடையாலேயே இறங்கும். நீராவி ஆற்றலால் இயங்கிய இவ்வகைக் களஞ்சியத்தை ஜோசப் டார்ட் 1842-இல் பஃபலோ நகரில் நிறுவினார்.

தமிழகத்து வாசகருக்குப் பழக்கமான களஞ்சியம் சாக்கு மூட்டைகளை அடுக்கியது. மூட்டை என்பது ஓர் எல்லை. அதன் மேல் எழுதலாம், சீட்டுத் தைக்கலாம், எந்த ஊர்க் கொள்முதல் நிலையத்திலிருந்து வந்தது எனச் சொல்லலாம். எலிவேட்டரில் அந்த எல்லை இல்லை. பல உழவர்களின் கோதுமை ஒரே அறைக்குள் நீர்போல் ஒன்றுகலக்கிறது. போட்டவருக்குத் தன் கோதுமை திரும்பக் கிடைக்காது. அதே தரத்தில் அதே அளவு கிடைக்கும். ஆகவே அவர் கையில் எஞ்சுவது ஒரு தாள் மட்டுமே. அத்தாளில் எழுதிய தரம் உண்மையாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

இந்தத் தாள் பொய்யாகக் கூடும் என்பதை முதலில் பேரளவில் கண்ட நகரம் சிகாகோ. அதன் வணிகக் கழகம் 1856-இல் கோதுமைக்குத் தரப் பிரிவுகளை வகுத்தது. ஒரு தலைமுறை கழிவதற்குள் எலிவேட்டர் முதலாளிகள்மீது குற்றச்சாட்டுகள் குவிந்தன. மன் – ஸ்காட் நிறுவனம் தன் அறைகளின் மேற்பகுதியில் பொய்த்தளம் அமைத்து, அதன்மேல் சிறிது தானியத்தைப் பரப்பி, ஆய்வாளர்களிடம் அறை நிறைந்திருப்பதாகக் காட்டியது 1872-இல் வெளிப்பட்டது. இல்லாத தானியத்துக்குச் சீட்டுகள் புழங்கியிருந்தன. இல்லினாய்ஸ் மாநிலம் 1871-இல் இயற்றிய களஞ்சியச் சட்டத்தை எதிர்த்து அதே நிறுவனத்தினர் தொடுத்த வழக்கில்தான் (மன் எதிர் இல்லினாய்ஸ், 1877), பொதுநலன் சார்ந்த தனியார் தொழிலை அரசு ஒழுங்குபடுத்தலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அரசியலமைப்புச் சட்டம் பயிலும் மாணவர் எல்லோரும் அறிந்த இத்தீர்ப்பின் பின்னணியில் ஒரு பொய்த்தளம் இருந்தது என்பதைப் பாடநூல்கள் அரிதாகவே சொல்கின்றன.

புல்வெளி உழவர்களின் முறையீடு

கனடாவில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. கனடியப் பசிபிக் இரயில்வே, நீராவி எந்திரத்துடன் 25,000 புஷல் கொள்ளும் எலிவேட்டர் கட்டுவோருக்குத் தனிச் சலுகை அளித்தது. அந்நிலையங்களில் வண்டியிலிருந்து நேரடியாகவோ தட்டைக் கிடங்கிலிருந்தோ இரயில் பெட்டியில் ஏற்ற உழவருக்கு வழி மறுக்கப்பட்டது. எடைக் குறைப்பு, அளவுக்கு மீறிய கழிவுக் கழிப்பு, தரத்தைத் தாழ்த்தி மதிப்பிடல் ஆகிய மூன்றும் உழவர்களின் நிலையான முறையீடுகளாயின. 1899-இல் அரச ஆணையம் விசாரித்தது. 1900-இல் மனிடோபா தானியச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் பெட்டிகள் எலிவேட்டர்களுக்கே போயின. 1901-இல் இந்தியன் ஹெட் என்னும் ஊரில் டபிள்யூ. ஆர். மதர்வெல் முதலானோர் தொடங்கிய உழவர் சங்கம், மறு ஆண்டு சின்டலூட்டா நிலையத்தில் பெட்டி ஒதுக்கீட்டில் நேர்ந்த முறைகேட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்து வென்றது.

இவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டது. நம் பொருளுக்கு இன்றியமையாதது இதற்கு அடுத்த கட்டம். 1912-ஆம் ஆண்டின் கனடா தானியச் சட்டம் தானிய ஆணையர் வாரியத்தை அமைத்தது. ஃபோர்ட் வில்லியம், போர்ட் ஆர்தர் ஆகிய ஏரித் துறைமுகங்களின் பொது முனைய எலிவேட்டர்களில் தரங்களைக் கலப்பதைத் தடுத்தது. நிறுவனங்கள் ‘தனியார் முனையம்’ என்ற பெயரில் வேறு எலிவேட்டர்களை நடத்தி அங்கே கலந்தன.

கலப்பின் பொருளியலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதல் தரம் என்பது ஒரு புள்ளியன்று, ஒரு நெடுக்கம். ஒரு தொகுதி அந்நெடுக்கத்தின் உச்சியில் இருக்கலாம். மற்றொன்று அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். உச்சியில் உள்ள நூறு பங்கோடு இரண்டாம் தரத்தில் பத்துப் பங்கைச் சேர்த்தாலும் மொத்தம் முதல் தரத்தின் அடிவிளிம்புக்கு மேலேயே நிற்கும் எனக் கொள்வோம். அப்போது பத்துப் பங்கு இரண்டாம் தரக் கோதுமை, முதல் தர விலைக்கு விற்பனையாகிறது. இங்கே பொய்ச் சான்று எதுவும் எழுதப்படவில்லை. எனினும் இலண்டனிலோ லிவர்பூலிலோ அச்சான்றை நம்பி வாங்கும் ஆலைக்காரர் ஆண்டுக்காண்டு அடிவிளிம்புக் கோதுமையே பெறுகிறார்; அதற்கேற்ப அவர் தரும் விலையும் இறங்குகிறது. இழப்பு இறுதியில் உழவருக்கே. நீதிபதி டர்ஜன் தலைமையில் 1923-இல் அமைந்த அரச தானிய விசாரணை ஆணையத்தின் முன் இம்முறையீடே முதன்மையாக ஒலித்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விவாதத்தில் அயல்நாடு என்பதே இல்லை. கலக்கப்பட்டது கனடியக் கோதுமையோடு கனடியக் கோதுமைதான். விதியின் பகைவர் எல்லைக்கு அப்பாலிருந்த உழவரல்லர், எலிவேட்டரின் உரிமையாளர்.

கண்ணால் அறியப்பட்ட கோதுமை

ஆய்வாளர் தரத்தை எவ்வாறு அறிந்தார்? கண்ணால். இதற்குப் பின்னால் ஒரு ரகத்தின் கதை உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடாவின் பெயரை உயர்த்திய ரெட் ஃபைஃப், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கிளாஸ்கோ வழியாக ஒண்டாரியோவின் டேவிட் ஃபைஃபிடம் வந்த விதை. அதனை, இந்தியாவிலிருந்து பெறப்பட்ட ஹார்டு ரெட் கல்கத்தா என்னும் கோதுமையோடு 1892-இல் ஒட்டுச் சேர்த்தனர். அதன் வழித்தோன்றல்களிலிருந்து சார்லஸ் சாண்டர்ஸ் தெரிந்தெடுத்த மார்க்விஸ் 1909-இல் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. மணிகளை வாயிலிட்டு மென்று பசைத்தன்மையை அறிந்தே அவர் தேர்வு செய்தார் என்பர். விரைவில் முற்றிய அந்த ரகம் புல்வெளி மாகாணங்களின் பெரும்பகுதியை ஆட்கொண்டது. எல்லை தாண்டி அமெரிக்கச் சமவெளியிலும் பரவியது. கனடியக் கோதுமையின் தர அளவுகோலாக நின்ற மார்க்விஸின் இரு பெற்றோரும் அயல்நாட்டுத் தானியங்கள். இதனைச் சொல்வது நகைப்புக்காக அன்று. ‘அயல்’ என்ற சொல் விதையைக் குறிக்கவில்லை, விளைந்த இடத்தைக் குறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏறத்தாழ எல்லாமே மார்க்விஸாக இருந்தவரை கண் போதுமானதாயிருந்தது. 1926-இல் வெளியான கார்னெட் அந்நிலையைக் குலைத்தது. வடக்கில் உறைபனிக்குமுன் முற்றும் என்பதால் உழவர் அதனை விரும்பினர். மாவாக்கினால் அது மார்க்விஸுக்கு இணையில்லை; ஆயினும் உயர் தரங்களுக்குள் கலந்தே சென்றது. பிரித்தானிய ஆலைக்காரர்கள் முறையிட்டனர். பல ஆண்டு வழக்காடலுக்குப் பின் 1930-களின் நடுவில் கார்னெட்டுக்குத் தனித் தரம் ஒதுக்கப்பட்டது.

இந்தப் பட்டறிவிலிருந்து வளர்ந்ததே மணியின் தோற்றத்தால் வகையை வேறுபடுத்தும் நெறி. ஒவ்வொரு கோதுமை வகுப்புக்கும் மணியின் உருவம், நிறம், கருப்பகுதியின் வடிவம் முதலியன வரையறுக்கப்பட்டன. ஒரு வகுப்பின் மணியைப்போல் தோன்றி, ஆனால் அவ்வகுப்பின் மாவுத்தன்மை இல்லாத புதிய ரகத்துக்குக் கனடாவில் பதிவு கிடையாது. ஆய்வகச் சோதனை இன்றி, ஒரு கைப்பிடி மணியைத் தட்டில் பரப்பிப் பார்த்தே நாட்டின் எந்த எலிவேட்டரும் கோதுமையைப் பிரித்து வைக்க முடிந்தது. செலவு குறைந்த முறை. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: நல்ல விளைச்சலும் நோயெதிர்ப்பும் கொண்ட ரகங்கள் தோற்றம் ஒவ்வாமையால் மட்டுமே விலக்கப்பட்டன.

அமெரிக்காவில் இந்நெறி இல்லை. அங்கு ரகத்துக்குக் கட்டாயப் பதிவும் கிடையாது. வகுப்பும் தரமும் பார்க்கப்படும், மற்றதை வாங்குபவரின் ஒப்பந்தம் கவனித்துக்கொள்ளும். ஆகவே அமெரிக்கக் கோதுமை ஒன்று பார்வைக்குக் கனடாவின் உயர்தரச் சிவப்புக் கோதுமைபோல் இருந்து, தன்மையில் வேறாக இருக்கலாம். கனடிய ஆய்வாளரின் கண் அங்கே செயலற்றுப்போகும். மூட்டையாக இருந்தால் சீட்டைப் பார்க்கலாம். எலிவேட்டரில் ஒரே வழி, வாயிலிலேயே நிறுத்துவது. எனது வாசிப்பில் 57(சி) இங்குதான் பொருள்படுகிறது. கார்னெட் உள்நாட்டில் நிகழ்த்தியதை எல்லைக்கு அப்பாலிருந்து இன்னொன்று நிகழ்த்திவிடும் என்ற அச்சமே அதன் அடிப்படை.

இதற்கு வலுச்சேர்ப்பது சட்டத்தின் மற்றொரு பிரிவினை. தண்டர் பே நகரின் கிழக்கெல்லை வழியே செல்லும் தீர்க்கக்கோட்டைக் கொண்டு சட்டம் நாட்டையே மேற்கு, கிழக்கு என இரண்டாக்குகிறது. (ஃபோர்ட் வில்லியமும் போர்ட் ஆர்தரும் 1970-இல் இணைந்து பெற்ற பெயரே தண்டர் பே.) மேற்குக் கோதுமைக்கும் கிழக்குக் கோதுமைக்கும் தரப்பெயர்களே வெவ்வேறு. ஒண்டாரியோ உழவரின் கோதுமை மேற்கத்தியத் தரப்பெயரைப் பெற முடியாது. நாட்டுப்பற்று இந்தக் கோட்டை வரையவில்லை. ஏற்றுமதிச் சான்றின் நம்பகமே வரைந்தது.

பூட்டிய அறைகள்

அயல்நாட்டுத் தானியம் எலிவேட்டர்களுக்குள் வந்ததேயில்லை என எண்ணிவிடக் கூடாது. புனித லாரன்ஸ் கடல்வழி 1959-இல் திறக்கும்வரை கனடியக் கோதுமையின் ஒரு பகுதி பஃபலோ வழியாக அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் சென்றது. சுங்கப் பிணையத்தின்கீழ் அமெரிக்க எலிவேட்டர்களில் தனியே வைக்கப்பட்டது. 1959-க்குப் பின் ஓட்டம் எதிர்த்திசையிலும் பெருகியது. ஏரிக் கப்பல்களில் வந்த அமெரிக்கச் சோளமும் சோயாவும் பே-கோமோ, போர்ட்-கார்த்தியே போன்ற கீழ்நதித் துறைமுகங்களின் இடைமாற்று எலிவேட்டர்களில் இறங்கிக் கடற்கப்பல் ஏறின. அங்கே அதனை ஆய்ந்து சான்றளித்தவர்கள் அமெரிக்கக் கூட்டரசின் ஆய்வாளர்களே. கட்டடம் ஒரு நாட்டுடையது, சான்று மற்றொரு நாட்டுடையது. தானியம் தனித்து வைக்கப்பட்டதால் எவருக்கும் இடரில்லை.

ஜெனீவா, 2004

அமெரிக்கா தொடுத்த வழக்கு (உலக வணிக அமைப்பின் வரிசையில் 276-ஆவது பிணக்கு) முதன்மையாகக் கனடியக் கோதுமை வாரியத்தைக் குறிவைத்தது. மேற்குக் கோதுமையின் ஏற்றுமதி முழுவதும் வாரியத்தின் தனியுரிமையாக இருந்தது. அது வணிக நெறிப்படி இயங்கவில்லை என்பது குற்றச்சாட்டு. எலிவேட்டர் விதிகளும் இரயில் கட்டண விதிகளும் அதனோடு சேர்த்து முன்வைக்கப்பட்டவை. 2004 ஏப்ரலில் வெளியான அறிக்கையில் வாரியம் தப்பியது; மேல்முறையீட்டிலும் அமெரிக்கா வெல்லவில்லை. துணைக் குற்றச்சாட்டுகளே நின்றன. 57(சி) உட்பிரிவு, ஒழுங்குவிதிகளின் 56(1), போக்குவரத்துச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு ஆகியன காட் ஒப்பந்தத்தின் மூன்றாம் உறுப்புக்கு முரண் எனக் குழு தீர்த்தது. அவ்வுறுப்பு, நாட்டுக்குள் வந்துவிட்ட இறக்குமதிப் பொருளை உள்நாட்டுப் பொருளினும் தாழ்வாக நடத்தக் கூடாது என்கிறது.

கனடா தன் தரக் காப்பு முறையைக் கேடயமாக்கியது. அயல்நாட்டுத் தானியம் அம்முறைக்கு உட்படாதது. ஆகவே தனி நடைமுறை தேவை என்றது. சட்டத்தைச் செயற்படுத்த இன்றியமையாத நடவடிக்கைகளுக்கு விலக்களிக்கும் இருபதாம் உறுப்பையும் துணைக்கழைத்தது. இன்றியமையாமை நிறுவப்படவில்லை எனக் குழு மறுத்தது. அனுமதி எளிதில் கிடைக்கலாம். எனினும் உள்நாட்டுத் தானியத்துக்கு அனுமதியே தேவையில்லை என்னும்போது நடத்தையில் வேறுபாடு உள்ளது என்பதே முடிவின் சாரம்.

இம்முடிவு சட்ட நோக்கில் பிழையானதன்று. 56(1) விதி கனடாவின் வாதத்தை உள்ளிருந்தே பலவீனப்படுத்தியது. இடைமாற்று எலிவேட்டரில் கிழக்குக் கனடியத் தானியத்தைக் கலக்க முன் இசைவு வேண்டாம். அயல்நாட்டுத் தானியத்துக்கு வேண்டும். மேற்குக் கோதுமையின் தூய்மைதான் நோக்கம் என்றால், கிழக்குத் தானியத்துக்குத் தந்த இடத்தை அமெரிக்கத் தானியத்துக்கும் தந்திருக்கலாம். நூற்றாண்டுக் காலம் கலப்புக்கு எதிராக வளர்ந்த ஒரு விதி எங்கோ ஓரிடத்தில் வெறும் எல்லை விதியாகக் கெட்டித்துவிட்டது என்பதையே இது காட்டுகிறது. ஆனால் விளைந்த நாட்டைக் கேட்டதன் வழியாக ரகத்தையே கனடா கேட்டுக்கொண்டிருந்தது என்ற வரலாறு, பொருள்கள் ஒத்தவையா, நடத்தை ஒத்ததா எனும் வினாக்களோடு நிற்கும் அறிக்கையில் இடம்பெற வாய்ப்பில்லை. கனடாவும் அதனை அவ்வாறு எடுத்துரைக்கவில்லை.

2005-க்குப் பின்

கனடா 2005-இல் இயற்றிய திருத்தச் சட்டம் ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முன் அனுமதி நீங்கியது, இரயில் வருவாய் வரம்பு இறக்குமதித் தானியத்துக்கும் விரிந்தது. இதைவிடப் பெரிய மாற்றம் எந்த நடுவர் குழுவும் கேளாமலே வந்தது. 2008 ஆகஸ்டு 1 முதல், மணியின் தோற்றத்தால் வேறுபடுத்தும் நெறி கைவிடப்பட்டது. அதன் இடத்தில், தான் கொண்டுவந்த கோதுமை இன்ன வகுப்புக்குத் தகுதியான ரகம் என உழவர் எழுத்தில் தரும் உறுதிமொழி வந்தது. கண்ணின் பொறுப்பு கையொப்பத்துக்கு மாறியது. இடைமாற்று எலிவேட்டர் என்னும் வகை 2013-இல் முனைய எலிவேட்டரோடு இணைக்கப்பட்டது. வாரியத்தின் தனியுரிமை அதற்கு முந்தைய ஆண்டே முடிந்திருந்தது.

அயல்நாட்டுத் தானியம் எலிவேட்டருக்குள் வரலாம் என்றான பின்னும் அது கனடியத் தரத்தைப் பெற இயலவில்லை. உயர்ந்த அமெரிக்கக் கோதுமையும் எல்லை கடந்ததும் தீவன விலைக்கே போகும் என்பது டகோட்டா, மொன்டானா உழவர்களின் குறை. 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க வணிக உடன்படிக்கை, இருநாட்டுக் கோதுமைக்கும் தரம் வழங்குவதில் வேறுபாடு கூடாது என்றும், தரச்சான்றில் விளைந்த நாட்டைக் குறிக்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் விதித்தது. கனடா தன் சட்டத்தை அதற்கேற்பத் திருத்தியது. உழவரின் உறுதிமொழியையும் அதே திருத்தத்தில் சட்டக் கடமையாக்கியது.

இப்போது வடக்கு டகோட்டா உழவர் மனிடோபாவின் எலிவேட்டருக்குக் கோதுமை கொண்டுவந்தால் அவரிடம் கேட்கப்படுவது ரகமே. கனடாவில் பதிவுபெற்ற ரகமாயின் அதற்குரிய தரம் கிடைக்கும். பதிவில்லாத ரகமாயின் கடைசித் தரமே; அதே ரகத்தை விளைவித்த மனிடோபா உழவருக்கும் அதுவே. அமெரிக்க ரகங்களுள் பல கனடாவில் பதிவு பெறாதவை என்பதால், எலிவேட்டர் வாயிலில் நடந்த வழக்கு இன்று ரகப் பதிவுப் பட்டியலுக்கு இடம்பெயர்ந்துள்ளது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும் முடிவு யாருடைய பரிந்துரையில், எத்தகைய சோதனைகளின் பேரில் எடுக்கப்படுகிறது என்பதை இனிவரும் ஆய்வுகள் எலிவேட்டர் ஆவணங்களோடு ஒப்புநோக்கிப் பார்க்க வேண்டியுள்ளது.